மாத்திரையும் மன்றாட்டும்



மனச்சோர்வுக்காக செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் உட்கொள்வோர் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். மருந்து சோர்வைத் தணித்தாலும், சிலருக்கு உடல் எடை கூடலாம். தாம்பத்திய நாட்டம் குறையலாம். அழுகையோடு சிரிப்பும் மறைந்து, உள்ளமே மரத்துப்போனது போலத் தோன்றலாம். வெட்கத்தால் பலர் இவற்றை வெளியே சொல்வதில்லை.

முதியோருக்கு இரத்தத்தில் சோடியம் என்னும் உப்பு குறைந்து குழப்பமும் தள்ளாட்டமும் வரலாம். வயதாகிவிட்டது என்று நாம் விட்டுவிடக் கூடாது. ஆஸ்பிரினோ மூட்டுவலி மாத்திரையோ சேரும்போது வயிற்றில் இரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்து கூடும். மலம் கறுத்துப்போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆனால், "செபித்தோம், இனி மாத்திரை எதற்கு?" என்று திடீரென நிறுத்துவது நம்பிக்கை ஆகாது. தலைச்சுற்றல், தூக்கமின்மை, மின்சாரம் தாக்கியது போன்ற உணர்வு வரலாம். பழைய சோர்வும் திரும்பலாம். குறைப்பதும் மாற்றுவதும் மருத்துவர் சொற்படி, படிப்படியாக நடக்கட்டும்.

சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம், நோயில் ஆண்டவரை மன்றாடவும், மருத்துவருக்கு உரிய இடம் தரவும் நமக்குக் கற்பிக்கிறது. ஆகவே செபிப்போம், மருந்து உண்பவரிடம் உடல்நலத்தைப் பரிவோடு விசாரிப்போம், சொல்லத் தயங்குகிறவரோடு நாமும் மருத்துவரிடம் செல்வோம்.