மழை நாளும் காத்திருக்கும் நேரமும்

கெடா ரப்பர் தோட்டங்களில் லோரி ஓட்டுநருக்குத் தனி மரியாதை இருந்தது. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்து ஆட்கள் மர நிரைக்குப் போனதும் அவர் வேலை தொடங்கும். பால் ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோவார், உர மூட்டை இறக்குவார். நள்ளிரவில் யாருக்காவது பிரசவ வலி என்றாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

மரியாதை இருந்தது, அதற்கேற்ற கூலி தோட்டத்தில் யாருக்கும் இல்லை. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. இந்தக் கொடுமையெல்லாம் சேர்ந்துதான் 1947இல் பீடோங் வட்டாரத்தில் வெடித்தது. ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்தது. தோட்டத்துக்குத் தோட்டம் வேலை நிறுத்தம் பரவியது. காவல் படையின் தாக்குதலில் உயிர்ப்பலியும் நேர்ந்தது. அதற்குப் பிறகே 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கமும், 1955இல் வேலைச் சட்டமும் வந்தன.

பின்னர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, தொழிலாளர்களே தோட்டம் வாங்கத் துன் சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தைத்தான். ஆனால் எல்லாத் தோட்டங்களுக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. பால்மரம் நின்ற இடங்களில் வீடமைப்புகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. லயத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் இன்று கூலிமிலிருந்தும் சுங்கை பட்டாணியிலிருந்தும் பட்டர்வொர்த் துறைமுகத்துக்குக் கொள்கலன் இழுக்கிறார்கள்.

இவர்களில் பலருக்குச் சம்பளம் டிரிப் கணக்கு. துறைமுக வரிசையில் மூன்று நான்கு மணி நேரம் நின்றாலும் அது கணக்கில் வராது. இருக்கைக்குப் பின்னால் மடித்த தலையணை, ஆறிப்போன சோற்றுப் பொட்டலம், கையில் ரசீதுக் கட்டு. வரிசை நகர்ந்ததும் இழந்த நேரத்தைச் சாலையில் பிடித்தாக வேண்டும். அன்று மழை தின்ற கூலியை இன்று வரிசை தின்கிறது.

இப்படி ஓட்டுநரை நெருக்கும் முறையின் விலையை ஓட்டுநர் மட்டும் கொடுப்பதில்லை. 2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் அளவுக்கு மீறிக் கல் ஏற்றிவந்த லோரி மோதி ஒன்பது காவலர்கள் மாண்டார்கள். ஒவ்வொரு விபத்துக்கும் ஓட்டுநரையே திட்டுகிறோம். எவ்வளவு பாரம் ஏற்றச் சொன்னார்கள், எத்தனை மணி நேரம் ஓட்டவிட்டார்கள் என்று முதலாளியைக் கேட்பது குறைவு.

சட்டம் ஓட்டுநர் பக்கம்தான் இருக்கிறது. வாரத்துக்கு 45 மணி நேர வேலை என்பது 2023 முதல் நடப்பில் உள்ளது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. சிறு முதலாளிகளுக்கு அது ஆகஸ்ட்டில் வந்தது. டிரிப் கணக்கில் மட்டுமே சம்பளம் வாங்குவோருக்கும் மாதம் அதற்குக் குறையக் கூடாது என்று குறைந்தபட்சச் சம்பள ஆணையே சொல்கிறது. ஆனால் காத்திருக்கும் மணிக்குக் கூலி கேட்டால், "விருப்பமில்லையென்றால் வேறு இடம் பார்" என்கிறார்கள்.

ஓட்டுநர் தம்பிமார்களே, துறைமுக வாசலில் நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் நாள்தோறும் குறித்து வையுங்கள். சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சம்பளம் குறைந்தால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள், தனியாகப் போகாமல் நாலு பேராகப் போங்கள்.