ஒரு தாயின் குரல், இன்னொரு தாயின் முகம்

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடர் போராட்டத்தை ஆரம்பித்தார்கள். அந்தக் கொட்டகையில் இருந்த தாய்மார் சிலரைப் பற்றி நண்பர்கள் எடுத்த ஆவணப்படத்துக்கு நான்தான் படத்தொகுப்பு செய்தேன். திரையிடலுக்கு இரண்டு நாட்கள் இருக்கும்போது முழுப் படத்தையும் ஓடவிட்டுப் பார்த்தோம். ஒலிப்பதிவு செய்த தம்பி திடீரென்று, “அண்ணை, இது அந்த அம்மா இல்லையே” என்றான். ஒரு தாய் தன் மகனைக் கையளித்த நாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் தெரிந்ததோ வேறொரு தாயின் முகம்.

இது எப்படி நடந்தது என்று விளங்க, படத்தொகுப்பின் கடைசிக் கட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் படம்பிடித்தது 4கே தரத்தில். அந்தப் பைல்களை நேரடியாக வெட்டி ஒட்டும் வலு எனது மடிக்கணினிக்கு இல்லை. அதனால் ஒவ்வொன்றுக்கும் தரம் குறைந்த சிறிய பிரதி ஒன்றைச் செய்துகொள்வோம். இதை புரொக்சி என்பார்கள். மாதக்கணக்கில் வெட்டுவதும் மாற்றுவதும் இந்தப் பிரதிகளில்தான். இனி ஒரு பிரேமும் மாறாது என்று இயக்குநர் சொன்ன பிறகு, பிரதிகளை எடுத்துவிட்டு அதே இடங்களில் அசல் பதிவுகளை வைக்க வேண்டும். இந்த வேலைக்குப் பெயர் கொன்போர்ம். நிறம் திருத்துவதும் திரையரங்குக்கான பிரதி எடுப்பதும் அதற்குப் பிறகுதான்.

வெட்டிய கணினியில் இருந்து நிறம் திருத்தும் கணினிக்குப் போவது ஒரு பட்டியல். ஈடிஎல், எக்ஸ்எம்எல் என்று அதற்குப் பல வடிவங்கள் உண்டு. எந்தப் பைல், அதில் எந்த நேரத்தில் இருந்து எந்த நேரம் வரை, படத்தில் எந்த இடத்தில் என்பதே அதில் இருக்கும். அந்த நேரத்தை டைம்கோட் என்கிறோம்: மணி, நிமிடம், செக்கன், பிரேம். மென்பொருள் பைலின் பெயரையும் டைம்கோட்டையும் வைத்துத்தான் அசலைத் தேடுகிறது. அதற்கு முகம் தெரியாது.

எங்களிடம் ஒரே வகைக் கமராக்கள் இரண்டு இருந்தன. இரண்டிலும் பைல்களின் பெயர் சி0001 என்றே தொடங்கியது. டைம்கோட்டும் இரண்டிலும் பூச்சியத்தில் இருந்தே ஓடியது. ஆகவே, இரண்டு தாய்மாரின் நேர்காணல்கள் ஒரே பெயரில், ஒரே டைம்கோட்டில் இருந்தன. எனது கணினியில் அவை வேறு வேறு போல்டர்களில் இருந்ததால் குழப்பம் வரவில்லை. மற்றக் கணினியில் மென்பொருள் முதலில் கண்டதை எடுத்துக்கொண்டது. ஒலியைத் தனியாகக் கலந்து வைத்திருந்ததால் குரல் மட்டும் சரியாக இருந்தது.

இதைப் பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. வெட்டி முடித்த படத்தை ஒரே வீடியோவாக எடுத்து, கொன்போர்ம் செய்த படத்துக்கு மேல் வைத்து, வித்தியாசத்தை மட்டும் காட்டச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றென்றால் திரை ஏறத்தாழக் கறுப்பாக இருக்கும். பிழையான காட்சி வந்தால் உருவங்கள் தெளிவாகத் தெரியும். வேகம் குறைத்த காட்சிகளும் பெரிதாக்கிய காட்சிகளும் பட்டியலில் சரியாகக் கடத்தப்படாமல் போவதுண்டு. அவையும் இதில் அகப்படும். நேரம் இல்லையென்று நான் அதைச் செய்யாமல் விட்டிருந்தேன்.

இப்போது படப்பிடிப்பு நடக்கும் இடத்திலேயே வேலை தொடங்குகிறது. ஒவ்வொரு கமராவுக்கும் ஓர் எழுத்து, ஒவ்வொரு மெமரி கார்டுக்கும் ஓர் எண், அதோடு திகதி. புரொக்சி செய்வதற்கு முன்பே பைல்களுக்கு இந்தப் பெயரைக் கொடுத்துவிடுகிறோம். பின்னர் மாற்றினால் இணைப்பு அறுந்துவிடும். டைம்கோட்டை அன்றைய மணிக்கூட்டு நேரத்தில் ஓடவிடுகிறோம். அசல்கள் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில், இரண்டு வீடுகளில் இருக்கின்றன.

அந்தக் காட்சியைத் திருத்த எனக்குப் பத்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. ஆனால் தம்பி கவனிக்காமல் விட்டிருந்தால், அந்தத் தாய் தன் மகனின் கதையை வேறொருவரின் முகத்தோடு பார்த்திருப்பார். தங்கள் பிள்ளைகள் எங்கே என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமலேயே பல பெற்றோர் இறந்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் எஞ்சியிருப்பது இப்படியான பதிவுகள்தான். அவற்றில் யார் பேசுகிறார் என்பதையாவது நாங்கள் பிழையில்லாமல் வைத்திருக்க வேண்டும்.