படமே மொழி – 11: பச்சை பட்டனும் ஏணிப்படமும்

கில்பிரெத் தம்பதி 1921இல் அறிமுகம் செய்த பாய்வுப்படத்தோடு போன வாரம் நின்றது. இந்த வாரம் பிள்ளைகளுக்கான கணினி மொழி ஸ்க்ராட்ச் என்று அறிவிப்பு. அதற்கு முன்னால் ஒரு பச்சை பட்டனை அழுத்திப் பார்த்துவிட வேண்டியிருக்கிறது.

வயல்காட்டு மோட்டார் ரூம். சுவரில் ஸ்டார்ட்டர். பச்சையை அழுத்தியதும் மோட்டார் ஓடுகிறது. விரலை எடுத்தால் பட்டன் ஸ்பிரிங்கால் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது, மோட்டார் மட்டும் நிற்பதில்லை. காரணம் உள்ளே இருக்கிறது. பட்டன் வழியாகக் காயிலுக்கு மின்சாரம் போனவுடன் காண்டாக்டர் என்ற மின்காந்த சுவிட்ச் இழுத்துக்கொள்கிறது. இழுக்கும்போதே ஒரு சின்னக் காண்டாக்டையும் சேர்த்து மூடிவிடுகிறது. அது பச்சை பட்டனுக்கு இணையாகக் கட்டப்பட்டது. விரல் செய்த வேலையை அது வாங்கிக்கொள்கிறது. இதை எலெக்ட்ரீஷியன்கள் ‘ஹோல்டிங்’ என்பார்கள். கரண்ட் போய்த் திரும்பினாலும் மோட்டார் தானாக ஓடாததற்கு இந்த ஹோல்டிங் விட்டுப்போனதுதான் காரணம்.

இதைத் தாளில் வரைய எழுத்தே தேவையில்லை. இடதும் வலதும் இரண்டு நெடுங்கோடுகள், அவை மின்சாரம் வரும் வழியும் போகும் வழியும். நடுவே ஒரு படி. படியில் இரண்டு குட்டைக் கோடுகள் எதிரெதிரே நின்றால் திறந்த காண்டாக்ட். அவற்றைச் சாய்கோடு ஒன்று வெட்டினால் மூடிய காண்டாக்ட். வலது ஓரத்து வட்டம் காயில். பச்சை பட்டனுக்கு அடியில் ஹோல்டிங்குக்கு ஒரு கிளை. இப்படிப் படிகள் அடுக்கடுக்காக வந்தால் ஏணி. லேடர் டயக்ராம் என்ற பெயர் அப்படி வந்தது.

1960களின் அமெரிக்கக் கார் தொழிற்சாலைகளில் சுவர் சுவராக நின்றவை இப்படிக் காயிலும் காண்டாக்டும் கொண்ட ரிலேக்களை அடுக்கிய பேனல்கள். காரின் மாடல் மாறினால் எந்திரம் செய்யும் வேலையும் மாறும். உடனே பேனலை அவிழ்த்து ஒயர் ஒயராக மறுபடி கட்ட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கிப் போட வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு 1968இல் இதற்கு மாற்று கேட்டது: ஒயரைத் தொடாமல், இருந்த இடத்திலேயே வேலையை மாற்றி எழுதக்கூடிய ஒரு கருவி.

மாசசூசெட்ஸில் பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் என்ற சிறு நிறுவனம். அங்கே டிக் மார்லி என்ற பொறியாளர் அதே 1968இன் ஜனவரி முதல் தேதியன்று, புத்தாண்டு விருந்தின் தலைவலி தீராத நிலையில், அப்படியொரு கருவியின் வரைவை எழுதினார். தலைவலி விஷயத்தைப் பின்னாளில் சொன்னவர் அவரேதான். அந்த நிறுவனத்தின் 84ஆவது திட்டம் என்பதால் கருவிக்கு 084 என்று பெயர். மோடிகான் 084. உள்ளே மின்விசிறி கிடையாது. வெளிக்காற்றோடு வரும் தூசியும் எண்ணெய்ப்புகையும் உள்ளே போய்விடக் கூடாது. அணைத்துப் போட சுவிட்சும் கிடையாது. இன்று பி.எல்.சி. என்று அழைக்கப்படும் கருவிகளின் மூதாதை இது.

அதற்கு எந்த மொழியில் கட்டளை எழுதுவது? மார்லியின் குழு சில மாதங்கள் கழித்து எடுத்த முடிவு இந்தத் தொடரின் மையத்துக்கே வந்து நிற்கிறது. புதிய மொழி எதையும் அவர்கள் தொழிலாளர்களுக்குக் கற்பிக்கப் போகவில்லை. எலெக்ட்ரீஷியன் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த அந்த ஏணிப்படத்தையே கணினி மொழியாக்கினார்கள். கணினி அறிவியல் படித்துவிட்டு வருபவருக்கு அந்தப் படம் புதிராக இருக்கும். ஒயரிங் தெரிந்தவருக்குக் கைரேகை. படம் என்பதால் அது எளிதாகிவிடவில்லை. அந்தப் படத்துக்குப் பழகிய கண்கள் ஏற்கெனவே தொழிற்சாலையில் இருந்தன.

ஆனாலும் தாளில் இருந்த ஏணியும் திரையில் இருக்கும் ஏணியும் ஒன்றல்ல. இந்த வாரம் முழுக்க விடாமல் துரத்தியது இந்த இடம்தான். சிவப்பு பட்டனையே பாருங்கள். பேனலில் அது எப்போதும் மூடியே இருக்கும், அழுத்தினால் திறக்கும். எலி ஒயரைக் கடித்தாலும் மோட்டார் நின்றுவிடும் என்ற பாதுகாப்புக்காக அந்த ஏற்பாடு. ஆகவே ஒயரிங் படத்தில் அது மூடிய காண்டாக்ட். அதே பட்டனின் ஒயரைப் பி.எல்.சி.க்குக் கொண்டுவந்தால், திரையில் அதைத் திறந்த காண்டாக்டாக வரைய வேண்டும்! அங்கே அந்தக் குறியின் பொருள் ‘இந்த வழியில் மின்சாரம் வருகிறதா?’ என்ற கேள்வி. பட்டனை யாரும் தொடாதபோது விடை ‘ஆம்’. படி உயிரோடு இருக்கும். உருவம் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. புதிதாகக் கற்பவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான்.

இன்னொன்று. பேனலில் மின்சாரம் எல்லாப் படிகளிலும் ஒரே நேரத்தில் பாயும். பி.எல்.சி. அப்படியில்லை; உள்ளீடுகளை வாசித்து, ஏணியை வரிசையாகக் கணக்கிட்டு, வெளியீடுகளை மாற்றி, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு சுற்றுக்குச் சில மில்லி செகண்டுகளே ஆவதால் எல்லாம் ஒருசேர நடப்பதாகத் தோன்றும். ஒரே காயிலை இரண்டு படிகளில் வரைந்துவிட்டால்தான் உண்மை வெளிப்படும்: பெரும்பாலும் கடைசிப் படி சொன்னதே செல்லும்.

எந்திரம் நின்றுபோன இரவு ஷிப்டில் இந்த மொழியின் அருமை தெரியும். திரையில் மின்சாரம் எட்டிய இடம் வரை படி நிறம் மாறி ஒளிரும். எந்தக் காண்டாக்டில் ஒளி அறுகிறதோ அங்கே கோளாறு. 1993இல் பி.எல்.சி. மொழிகளுக்கு வந்த சர்வதேசத் தரம் ஐந்து மொழிகளை ஏற்றது. அவற்றில் மூன்று படமொழிகள், அவற்றுள் ஏணியும் ஒன்று.

ஸ்க்ராட்சுக்கு இடம் போதவில்லை. அது அடுத்த வாரம். 2007இல் எம்.ஐ.டி.யிலிருந்து வந்த அந்த மொழியின் வாசகர்கள் ஒயரிங் பழகாத, ஏணிப்படம் பார்த்தறியாத எட்டு வயதுப் பிள்ளைகள். அவர்களுக்குப் பழகிய பொருளாக மிட்செல் ரெஸ்னிக்கின் குழு லெகோ கட்டைகளைத் தேர்ந்தது. அந்தத் திரையிலும் ஓடவிட ஒரு பச்சைக் கொடி, நிறுத்த ஒரு சிவப்பு எண்கோணம்.

(தொடரும்)