அம்மாவின் வெள்ளிக்கிழமை

புக்கிட் பாஞ்சாங்கில் டௌன்டவுன் ரயில் ஏறினால், இடையில் மாறாமல் லிட்டில் இந்தியா போய்விடலாம். வெள்ளிக்கிழமைகளில் விரதமிருந்து வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போவது அம்மாவின் பல வருடப் பழக்கம். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி தொடங்கிய பிறகும் அதை விட அவருக்கு மனமில்லை.

இரண்டாம் சுற்று முடிந்த 10ஆம் நாளும் வெள்ளிக்கிழமைதான். கோயிலுக்குப் போய்வந்தவர் இரவில் போர்வைக்குள் நடுங்கினார். நெற்றி கொதித்தது. “திருநீறு பூசியிருக்கேன், காலையில சரியாயிடும்” என்றார். வெப்பமானி 38.4 காட்டியது. உடனே டாக்சி பிடித்தேன்.

மருத்துவமனையில் உடனடியாக ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். பல கீமோ மருந்துகளில், சிகிச்சைக்குப் பிந்திய 7 முதல் 14 நாள்களில்தான் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறையும். அப்போது 38 டிகிரி காய்ச்சல் என்றால் அவசரம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மருத்துவரைக் கேட்காமல் பாரசிட்டமால் கொடுக்கவும் கூடாது.

பயத்தில், “இனிமே கோயிலே வேணாம்மா” என்று சொல்லிவிட்டேன். முடி கொட்டியபோது அழாத அம்மா அன்று அழுதார். “உடம்பை டாக்டர் பார்த்துக்கிறாரு. என் பயத்தை நான் யார்கிட்ட சொல்றது?”

என்னிடம் பதில் இல்லை. வலிதணிப்புப் பராமரிப்பின் முன்னோடி சிசிலி சாண்டர்ஸ் 1960களிலேயே இதைக் கவனித்திருந்தார். நோயாளியின் வலியில் உடலோடு மனம், குடும்பம், ஆன்மா எல்லாமே சேர்ந்திருக்கின்றன என்றார் அவர்.

வழிகாட்டியவர் ஒரு தாதி. “சாமி கும்பிடுறதை நிறுத்த வேணாம்மா. கும்பிடுற விதத்தை மட்டும் மாத்திக்குங்க” என்றார்.

மாற்றிக்கொண்டோம். அணுக்கள் குறையும் நாள்களில் வீட்டுப் பூஜை மட்டும். ரத்தப் பரிசோதனை நன்றாக இருந்து மருத்துவரும் சம்மதித்தால், கூட்டமில்லாத நேரத்தில் கோயில். வந்ததும் கைகால் கழுவுவார். விரதத்துக்குப் பதில் காரமில்லாத பருப்புக் கஞ்சி. வாய்ப்புண் வந்தால் உப்புநீர்க் கொப்பளிப்பு. தெரிந்தவர்கள் அன்போடு தரும் மூலிகைப் பொடியை, மருத்துவரிடம் காட்டாமல் தொடுவதில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது சிகிச்சையில் இருந்தால், விரதம், வேண்டுதல் பற்றி மருத்துவரிடமோ தாதியிடமோ கூச்சப்படாமல் சொல்லுங்கள். மனபாரத்தை இறக்கிவைக்க மருத்துவச் சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள். 1964இல் தொடங்கிய சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கமும் இருக்கிறது.

எங்கள் பூஜை அலமாரியில் திருநீற்றுச் சம்புடத்துக்குப் பக்கத்தில் இப்போது வெப்பமானி இருக்கிறது. தினமும் மாலையில் காய்ச்சல் பார்த்த பிறகுதான் அம்மா விளக்கேற்றுகிறார். “உடம்பைப் பார்த்துக்கிறதும் அவளுக்குச் செய்யிற பூஜைதானே” என்கிறார்.