ஃபிரேமை எண்ணிப் பாருங்கள்

சொந்தக் காசைப் போட்டுப் படமெடுப்பவர்கள் பலருக்கு இந்தச் சிக்கல் கடைசி நேரத்தில்தான் கண்ணில் படுகிறது. எடிட்டிங், கலர் கரெக்‌ஷன், மிக்ஸிங் எல்லாம் முடிந்து பெரிய திரையில் ஓட்டும்போது, நடந்துபோகிறவரின் ஓரங்கள் சீப்புப் பற்களைப் போலக் கோடு கோடாகப் பிரிகின்றன. கேமரா பக்கவாட்டில் திரும்பினால் காட்சி தட்டித் தட்டி நகர்கிறது. பாதிப் படம் தாண்டியதும் பேச்சு ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம். உடனே மென்பொருளில் கோடுகளை நீக்கும் ‘டிஇன்டர்லேஸ்’ பொத்தானைத் தேடி அழுத்துகிறார்கள். பெரும்பாலும் காரியம் அங்கேதான் கெடுகிறது. இவை கேமராவின் தரக்குறைவால் வருகிற கோளாறுகள் அல்ல. ஒவ்வொரு ஃபிரேமும் எந்தக் கணத்தைச் சேர்ந்தது என்பது பற்றி மென்பொருளுக்குப் போன தகவல் தப்பாக இருப்பதால் வருகிறவை. எந்தத் தகவல் தப்பு என்று தெரியாமல் எதைத் திருத்துவது?

குழப்பத்துக்கு வேர் வரலாற்றில் இருக்கிறது. 1920களின் இறுதியில் பேசும்படம் வந்தபோது சினிமா நொடிக்கு 24 ஃபிரேம் என்று நிலைத்துவிட்டது. தொலைக்காட்சியோ அந்தந்த நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணை ஒட்டி வளர்ந்தது: 60 ஹெர்ட்ஸ் அமெரிக்காவில் 30 ஃபிரேம், 50 ஹெர்ட்ஸ் ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 25. அலைவரிசையை மிச்சம் பிடிக்கவும் திரை மினுங்காமலிருக்கவும் ஒவ்வொரு ஃபிரேமையும் ஒற்றைப்படை வரிகள் ஒரு ஃபீல்டு, இரட்டைப்படை வரிகள் மற்றொரு ஃபீல்டு என இரண்டாகப் பிரித்தார்கள்; இதுதான் இன்டர்லேஸ். நம் ஊர் முறையில் இந்த இரண்டுக்கும் நடுவே 1/50 நொடி இடைவெளி. அதற்குள் ஆள் நகர்ந்துவிடுவார். பழைய குழல் திரை இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டியதால் உறுத்தவில்லை. இன்றைய திரை ஒன்றாகச் சேர்த்துக் காட்டுவதால் கோடு தெரிகிறது. இது போதாதென்று, 1953இல் அமெரிக்காவில் வண்ணம் வந்தபோது, வண்ணச் சமிக்ஞை ஒலிச் சமிக்ஞையோடு மோதிக் கறுப்பு-வெள்ளைப் பெட்டிகளில் இடையூறாகத் தெரியக் கூடாதென்று 30ஐ 29.97 ஆக்கினார்கள். அதை ஒட்டி 24ம் 23.976 ஆயிற்று. அந்தப் பெட்டிகள் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. பின்னம் மட்டும் போகவில்லை.

ஆகவே முதல் வேலை எண்ணுவது. சீராக நகரும் ஏதாவதொன்று, ஒரு பேருந்தோ வீசி நடக்கும் கையோ உள்ள ஷாட்டை எடுத்துக்கொண்டு, அம்புக்குறி விசையால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். எல்லா ஃபிரேமிலும் கோடு இருந்தால் அது அசல் இன்டர்லேஸ்; டிஇன்டர்லேஸ் இதற்குத்தான். மூன்று ஃபிரேம் சுத்தமாகவும் அடுத்த இரண்டு கோடாகவும் மாறி மாறி வந்தால் அது வேறு சங்கதி: 24 ஃபிரேம் படத்தை அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக நீட்டியிருக்கிறார்கள். அ, ஆ, இ, ஈ என்ற நான்கு ஃபிரேம்களை முறையே 2, 3, 2, 3 ஃபீல்டுகளாகப் பிரித்தால் பத்து ஃபீல்டு, அதாவது ஐந்து ஃபிரேம் கிடைக்கும். மூன்றாவதில் ‘ஆ’வும் ‘இ’யும் கலந்திருக்கும்; நான்காவதில் ‘இ’யும் ‘ஈ’யும். அசல் நான்கும் முழுசாக உள்ளேதான் இருக்கின்றன. இந்த நீட்டலைத் திருப்பிப் பிரிக்கும் ரிவர்ஸ் டெலிசினி செய்தால் ஒரு வரிகூடக் குறையாமல் திரும்ப எடுக்கலாம். இதற்கு டிஇன்டர்லேஸ் போடுவது, பூட்டைத் திறக்கச் சாவி இருந்தும் கதவை உடைப்பது. இனி, கோடே இல்லாத ஷாட்டையும் மென்பொருள் ‘இன்டர்லேஸ்’ என்று காட்டலாம். 25 முழு ஃபிரேம்களை 50 ஃபீல்டு உறைக்குள் போட்டு எழுதிய கேமராக்கள் உண்டு. அங்கே அமைப்பில் ‘புரோகிரசிவ்’ (முழு ஃபிரேம்) என்று மாற்றினாலே போதும். டிஇன்டர்லேஸ் பொத்தானை அழுத்தினால் நல்ல படத்தின் நுணுக்கம் வீணாகக் குறையும். நகர்வது முன்னும் பின்னுமாகத் துள்ளினால் ஃபீல்டு வரிசை தலைகீழாகியிருக்கிறது: டிஜிட்டல் வீடியோ (DV) டேப்பில் கீழ் ஃபீல்டு முதலில், எச்டியில் மேல் ஃபீல்டு முதலில். எந்த வகையானாலும், 576 வரிப் படத்தை 1080க்குப் பெரிதாக்குவதற்கு முன்பே ஃபீல்டுகளைச் சரிசெய்துவிட வேண்டும். பெரிதாக்கியபின் வரிகள் ஒன்றோடொன்று குழைந்துவிடும், பிரிக்க வழியில்லை.

இப்போதெல்லாம் எந்தக் கேமராவும் இன்டர்லேஸ் எடுப்பதில்லையே என்று கேட்கலாம். கதைப்படத்துக்கு அது ஓரளவு சரி. ஆவணப்படத்தில் பழைய செய்திக் காட்சியும் கல்யாண வீடியோவும் கட்டாயம் வரும். புதிய கருவியும் சுத்தமில்லை: வெளிச்சம் குறைந்தால் பல கைபேசிகள் தாமாகவே ஃபிரேம் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன, ஒலியோ சீராக ஓடுகிறது, லிப் சிங்க் விலகுகிறது. அந்தக் கோப்பை நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டே டைம்லைனில் வைக்க வேண்டும். ‘பார்வையாளருக்கு எங்கே தெரியப்போகிறது?’ என்பது அடுத்த கேள்வி. 23.976க்கும் 24க்கும் உள்ள வேறுபாடு நூற்றில் 0.1தான். ஆனால் 23.976இல் எடுத்த படத்தை 24இல் ஓட்டி ஒலியைத் தொடாமல் விட்டால், 90 நிமிடப் படத்தின் முடிவில் 5.4 நொடி விலகல். அது யாருக்குத்தான் தெரியாது?

மூன்றாவது மறுப்புதான் வலுவானது: இடைஃபிரேம்களை மென்பொருளே கற்பனை செய்து உண்டாக்கும் ஆப்டிகல் ஃப்ளோ இருக்கும்போது இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? அமைதியான ஷாட்டில் அது அழகாகவே வேலை செய்யும். விரல்கள் குறுக்கிடும்போதும் கம்பிவேலிக்குப் பின்னால் ஆள் ஓடும்போதும் விளிம்புகள் நெளியும். 25இல் எடுத்த முழு ஃபிரேம்களைத் தியேட்டரின் 24க்குக் கொண்டுபோக அதைவிட எளிய வழி உண்டு: ஃபிரேம்களைத் தொடாமல் முழுப் படத்தையும் 24இல் ஓட்டுவது. 100 நிமிடம் 104 நிமிடம் 10 நொடியாகும். ஒலி அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்கும், மிக்ஸிங்கில் அதை ஏற்றிவிடலாம். நொடிக்கு ஒரு ஃபிரேமை வெட்டி எறிந்தாலோ நொடிக்கொரு முறை காட்சி இடறும். டென்மார்க்கின் ‘ஃபெஸ்டன்’ (1998), பிரிட்டனின் ‘28 டேஸ் லேட்டர்’ (2002) இரண்டும் 25 ஃபிரேம் நாடுகளில் சிறிய DV கேமராவில் எடுக்கப்பட்டுத் தியேட்டருக்குப் போனவைதான்.

பழைய டேப்பைக் கணினிக்கு மாற்றக் கொடுக்கிறீர்களா? டிஇன்டர்லேஸ் செய்யாமல், அளவை மாற்றாமல், டேப்பில் உள்ளபடியே கோப்பாக்கித் தரும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள். தியேட்டர் பிரதி செய்வதற்கு முன் ஒவ்வொரு கேமராவின் காட்சியிலிருந்தும் ஒரு நிமிடம் எடுத்துப் பெரிய திரையில் ஓட்டிப் பாருங்கள்.