ஸ்பைடர்மேன் கல்யாணமும் மார்வெல் ஆபீஸ் கலாட்டாவும்

மாப்பிள்ளை முகமூடியைக் கழற்றவே இல்லை. 1987 ஜூன் 5, நியூயார்க்கின் ஷே ஸ்டேடியம். மெட்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டம் பார்க்க வந்த கூட்டம் காத்திருக்கிறது. ஆட்டம் தொடங்கும் முன் மைதானத்தில் ஒரு கல்யாணம்! மணப்பெண் சிவப்புக் கூந்தல் மேரி ஜேன் வாட்சன். மாப்பிள்ளை ஸ்பைடர்மேன். தோழர்களாகக் கேப்டன் அமெரிக்காவும் ஹல்க்கும். முன்னால் நின்று சடங்கை நடத்திவைத்தவர் யார் தெரியுமா? சாட்சாத் ஸ்டான் லீ! வேஷம் கட்டியவர்கள் நடிகர்கள்தான். ஆனால் மணப்பெண்ணின் கவுனை வடிவமைத்தவர் வில்லி ஸ்மித், அந்தக் காலத்து அமெரிக்க ஃபேஷன் உலகின் பெரிய கை. காகிதத்தில் வாழும் இரண்டு பேருக்கு இவ்வளவு தடபுடலாகக் கல்யாணம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் குஷி தாங்கவில்லை.

இருபது வருஷம் கழித்து, கல்யாணம் செய்துவைத்த அதே மார்வெல் கம்பெனி அந்தத் தம்பதியைப் பிரித்தது. சண்டை, கோர்ட்டு, விவாகரத்து எதுவும் இல்லை. சாத்தானை வரவழைத்துப் பிரித்தார்கள்! அந்த முடிவு எடுத்த அறைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம், வாருங்கள்.

(ஸ்பைடர் என்றதும் சிவகாசி லயன் காமிக்ஸின் கூர்க்காது ஸ்பைடர் நினைவுக்கு வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர் பிரிட்டனில் பிறந்தவர். நாம் பேசுவது 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த பீட்டர் பார்க்கரைப் பற்றி.)

முதலில் ஒரு காமிக்ஸ் இதழ் எப்படி உருவாகும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அறுபது, எழுபதுகளின் மார்வெலில் எழுத்தாளர் முழு வசனத்தையும் எழுதிக் கொடுக்க மாட்டார். கதைச் சுருக்கம் மட்டும் ஓவியருக்குப் போகும். ஓவியர் பக்கம் பிரித்து, கட்டம் கட்டமாக வரைந்து முடிப்பார். அந்தப் படங்கள் எழுத்தாளரின் மேஜைக்குத் திரும்பி வந்த பிறகுதான் பேச்சுக் குமிழுக்குள் வசனமும், ‘டமால்’, ‘படார்’ போன்ற சத்தங்களும் ஏறும். கதையின் கடைசி வார்த்தை அந்தக் கடைசி நிமிஷத்தில்தான் விழும்.

அப்படி விழுந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாமே தொடங்கியது. 1973, ஸ்பைடர்மேன் காமிக்ஸின் 121ஆம் இதழ். எழுத்தாளர் ஜெரி கான்வேக்கு அப்போது இருபது வயது. ஆமாம், இருபது! பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசியைக் கொன்றுவிடலாம் என்று யோசனை சொன்னவர் ஓவியர் ஜான் ரொமிட்டா. ஆசிரியர் நாற்காலியில் ராய் தாமஸ். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், கடைசியில் திரும்பி வருவார். கதையின் தலைப்பே க்வென் சாவைச் சொல்லிவிடும் என்பதால் அதைக் கடைசிப் பக்கம் வரை ஒளித்து வைத்தார்கள்.

அந்தப் பக்கத்தைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பாருங்கள். வில்லன் கிரீன் காப்லின் க்வென்னைப் பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிடுகிறான். (வசனத்தில் அது ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், படத்தில் இருப்பதோ புரூக்ளின் பாலம். அப்படியே அச்சாகிவிட்டது!) ஸ்பைடர்மேன் வலையை வீசுகிறான். வலை அவள் காலைப் பற்றுகிறது. காப்பாற்றிவிட்டான் என்று மூச்சு விடப் போகும்போது, அவள் கழுத்துக்கு அருகே பொடி எழுத்தில் ஒரு சத்தம்: ‘ஸ்நாப்’.

அந்த இதழின் ஓவியர் கில் கேன் வரைந்து முடித்த படத்தில் அந்தச் சத்தம் கிடையாது. வசனம் எழுதும்போது கான்வே சேர்த்தது அது. அவளைக் கொன்றது காப்லினா, காப்பாற்ற வந்த வலையா? ஒரே ஒரு சத்தத்தால் கதையின் தலையெழுத்தே மாறிவிட்டது. வாசகர்கள் கொதித்துப் போனார்கள். கடிதங்கள் குவிந்தன. 125ஆம் இதழின் கடிதப் பகுதியில் ஆசிரியர் குழு மனம் நொந்து பதில் எழுதியது: வலை சட்டென்று பிடித்து நிறுத்திய அதிர்ச்சியில்தான் அவள் கழுத்து முறிந்தது, வேறு எப்படிச் செய்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள். காகிதத்தில் செத்த ஒரு பெண்ணுக்கு வாசகர்களுக்காகப் பிரேதப் பரிசோதனை அறிக்கை!

கடிதப் பகுதியின் செல்வாக்கு அந்தக் கம்பெனியில் அப்படி. கதையில் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்து, அது ஏன் ஓட்டை இல்லை என்று சாமர்த்தியமாக விளக்கும் வாசகருக்கு மார்வெல் அப்போதெல்லாம் ஒரு பரிசு அனுப்பும். பெயர் ‘நோ-பிரைஸ்’. தபாலில் ஓர் உறை வரும். உள்ளே ஒன்றும் இருக்காது! ‘பரிசை வைக்க மறந்துவிட்டீர்கள்’ என்று கடுதாசி போட்டவர்களும் உண்டு. ஆசிரியரின் தவறை வாசகர் சரிசெய்து கொடுத்த வீடு இது. அந்த வாசகர்கள் கோபப்பட்டால் அது வீட்டு ஆளின் கோபம். அப்படித்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஊர் ஊராகக் கல்லூரிகளில் பேசப் போன ஸ்டான் லீயையும் மாணவர்கள் விடவில்லை. போன இடமெல்லாம் க்வென் பற்றித்தான் கேள்வி. அவர் ஆபீசுக்கு வந்து, அவளைத் திரும்பக் கொண்டுவர ஏதாவது வழி பார் என்று கான்வேயிடம் சொன்னார். செத்தவளை எப்படிக் கொண்டுவருவது? கான்வே கண்டுபிடித்த வழி, நகல். குளோனிங்! க்வென்னின் நகல் வந்தாள். 1975இல் பீட்டருக்கும் ஒரு நகல் வந்தான். கதை முடிவில் அந்த நகல் செத்தான், பீட்டர் உடலைப் புகைபோக்கிக்குள் போட்டான், கதை முடிந்தது. முடிந்ததாக நினைத்தார்கள்.

அதற்கு முன் இன்னொரு சத்தத்தைச் சொல்லியாக வேண்டும். க்வென் செத்த அடுத்த இதழ், 122இன் கடைசிப் பக்கம். துக்கத்தில் பீட்டர் கத்துகிறான், மேரி ஜேனைப் போகச் சொல்கிறான். அதுவரை ஆட்டம் பாட்டம் என்று திரிந்த அந்தப் பெண் வாசல் வரை போகிறாள், கதவில் கை வைக்கிறாள், நிற்கிறாள். பிறகு கதவைச் சாத்துகிறாள், உள்பக்கம் நின்றபடி. ‘க்ளிக்’. வசனம் ஒன்றும் இல்லை. என்னைக் கேட்டால் ஷே ஸ்டேடியம் கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் நட்டது அந்தக் கட்டத்தில்தான்.

1987க்குப் பிறகு ஆபீசில் ஒரு பயம் குடியேறியது. பெண்டாட்டி, குடித்தனம் என்று ஆனால் பீட்டருக்கு வயசாகிவிடும், இளவட்ட வாசகர்கள் அவனைத் தங்களில் ஒருவனாகப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. மாதாமாதம் இதழ் விற்றாக வேண்டியவர்களின் பயம் அது. ஆனால் அதற்காக அவர்கள் செய்த காரியங்கள் இருக்கின்றனவே!

1994இல் அந்தப் புகைபோக்கியிலிருந்து நகலை எழுப்பிக் கொண்டுவந்தார்கள். பெயர் பென் ரெய்லி. திட்டம் என்னவென்றால், இவ்வளவு நாள் நாம் பார்த்த பீட்டர்தான் நகல், பென்தான் அசல் என்று சொல்லிவிடுவது. கல்யாணமான பீட்டர் மனைவியோடு ஓய்வுக்குப் போவான், கல்யாணமாகாத அசல் ஸ்பைடர்மேன் கிடைத்துவிடுவான். சில மாதங்களில் முடிய வேண்டிய கதை. விற்பனை ஏறியதும் விற்பனைப் பிரிவு இழுக்கச் சொன்னது. இழுத்தார்கள், இழுத்தார்கள், இரண்டு வருஷத்துக்கு மேல்! இருபது வருஷமாக யாருடைய கதையைப் படித்தோம் என்று வாசகர்கள் கேட்டார்கள். பதில் சொல்ல முடியாமல், 1996 முடிவில் பென் ரெய்லியைத் தூளாக உதிரவைத்து, பீட்டர்தான் அசல் என்று சாதித்தார்கள். மேரி ஜேன் வயிற்றில் இருந்த குழந்தையும் அந்தக் களேபரத்தில் இல்லாமல் போனது.

அந்தக் காலத்தில்தான் 400ஆம் இதழ் வந்தது. பீட்டரை வளர்த்த மே பெரியம்மா சாகும் இதழ். (தமிழில் அவரை ‘அத்தை’ என்கிறார்கள். அவர் கணவர் பீட்டருடைய அப்பாவின் அண்ணன், ஆகவே அவர் பெரியம்மாதானே!) டெமாட்டிஸ் எழுத, மார்க் பேக்லி வரைந்தார். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் பெரியம்மா சொல்கிறார்: நீதான் ஸ்பைடர்மேன் என்று எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும்டா. பிறகு கட்டிலில், எல்லோரும் சூழ்ந்திருக்க, அமைதியாகக் கண்மூடுகிறார். அந்த இதழை நான் நாலு தடவை படித்திருக்கிறேன், நாலு தடவையும் அழுதிருக்கிறேன். 1998இல் ஆபீஸ் என்ன சொன்னது தெரியுமா? செத்தது பெரியம்மாவே இல்லையாம். பெரியம்மா மாதிரியே உருமாற்றப்பட்ட ஒரு நடிகையாம்! நாம் சிந்திய கண்ணீரைத் திருப்பிக் கேட்டது மாதிரி இருந்தது.

2000இல் மேரி ஜேன் ஏறிய விமானத்தை வெடிக்கவைத்தார்கள். அடுத்த வருஷமே உயிரோடு வந்துவிட்டாள்.

இனி 2007. தலைமை ஆசிரியர் ஜோ கெசாடா. இந்தக் கல்யாணம் தப்பு என்று பல வருஷமாக வெளிப்படையாகப் பேசிவந்தவர். விவாகரத்து செய்தால் என்ன? அப்போதும் பீட்டர் வயசானவனாகத் தெரிவான். மனைவி செத்தால்? அதுவும் அப்படித்தான். ஆக, அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை என்று ஆக்கிவிட வேண்டும். ‘ஒன் மோர் டே’ என்ற நாலு பாகக் கதை தயாரானது. குண்டடிபட்டுச் சாகக் கிடக்கிறார் மே பெரியம்மா. மெஃபிஸ்டோ என்ற சாத்தான் வருகிறான். உயிரைத் தருகிறேன், பதிலுக்கு உங்கள் கல்யாணத்தைக் கொடுங்கள் என்கிறான். தலைமை ஆசிரியரே பென்சிலை எடுத்துப் படம் வரைய உட்கார்ந்தார்!

எழுதியவர் ஸ்ட்ரசின்ஸ்கி. பிரிந்து கிடந்த தம்பதியைச் சில வருஷங்களுக்கு முன் சேர்த்துவைத்தவர் அவர். இப்போது பிரிக்கும் வேலையும் அவர் தலையில். 1971இல் வந்த, பீட்டரின் நண்பன் ஹாரி ஆஸ்போர்னின் போதைமாத்திரைக் கதையில் ஒரு சின்ன மாற்றம் செய்து, அங்கிருந்து வரலாற்றைத் திருப்பலாம் என்று மாற்று யோசனை வைத்தார். அப்படிச் செய்தால் முப்பத்தைந்து வருஷக் கதையே புரண்டுவிடும் என்று ஆபீஸ் மறுத்தது. கடைசி இரண்டு பாகத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்கும் அளவுக்குப் போனார். கெசாடா பேசிச் சமாதானப்படுத்தினார், பெயர் இருந்தது. இதை ஸ்ட்ரசின்ஸ்கியே வெளியில் சொன்னார்.

ஒப்பந்தம் முடிகிற கட்டத்தில் மெஃபிஸ்டோ ஒரு சிவப்புக் கூந்தல் சிறுமியைப் பற்றிச் சொல்கிறான். உங்களுக்குப் பிறந்திருக்க வேண்டிய மகள் அவள், இனி பிறக்க மாட்டாள். அந்தக் குழந்தையை வாசகர்களுக்கு ஏற்கெனவே தெரியும்! 1998இல் ஒரு கற்பனைக் கதையில் ‘ஸ்பைடர் கேர்ள்’ ஆக வந்தவள், பெயர் மே. அவள் இதழை நிறுத்தப் போவதாக ஆபீஸ் சொல்லும்போதெல்லாம் வாசகர்கள் விடாமல் எழுதி எழுதிக் காப்பாற்றி, நூறு இதழ் வரை கொண்டுபோனார்கள். அவளையா பிறக்க மாட்டாள் என்கிறீர்கள்? கோபம் வராமல் என்ன செய்யும்! ஒப்பந்தம் முடிந்ததும் பீட்டர் பெரியம்மா வீட்டில் தனியாகக் கண்விழிக்கிறான். பிரம்மச்சாரி. மாத இதழில் அந்தக் கல்யாணம் இன்றுவரை திரும்பவில்லை. 2024இல் ஜொனாதன் ஹிக்மேன் வேறொரு உலகத்தில் மனைவி, இரண்டு குழந்தைகளோடு பீட்டரை எழுதத் தொடங்கியதும் முதல் இதழைத் திரும்பத் திரும்ப அச்சடிக்க வேண்டி வந்தது.

ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த ரகசியம் இனிமேல்தான். ஸ்பைடர்மேனுக்குச் செய்தித்தாளில் ஒரு தினசரித் தொடர் இருந்தது, 1977இலிருந்து. அதிலும் 1987இல் கல்யாணம் நடந்தது. மாத இதழைப் பார்த்து, 2009 ஜனவரி 1 அன்று அங்கேயும் பீட்டரைப் பிரம்மச்சாரியாக, கல்லூரி மாணவனாக மாற்றிவிட்டார்கள். சாத்தான்கூட வரவில்லை, ஒரே ராத்திரியில் மனைவி காணோம்! காலை காபியோடு படிப்பவர்கள் சும்மா இருப்பார்களா? எதிர்ப்பு குவிந்தது. மே 24, ஞாயிற்றுக்கிழமை. பீட்டர் கண்விழிக்கிறான். பக்கத்தில் மேரி ஜேன். அத்தனையும் கனவு!

தொடரில் அச்சான பெயர் ஸ்டான் லீ. ஆனால் 2000இலிருந்து திரைக்குப் பின்னால் இருந்து எழுதியவர் ராய் தாமஸ். ஆமாம், க்வென் செத்த இதழில் ஆசிரியராக இருந்த அதே ராய் தாமஸ்! ‘ஸ்நாப்’ அச்சேறும்போதும் அவர் இருந்தார், ‘க்ளிக்’ அச்சேறும்போதும் இருந்தார். 2019 மார்ச்சில் அவர் எழுதிய கடைசி நாள் தொடர் வெளிவந்தது. அதில் புருஷனும் பெண்டாட்டியுமாக ஆஸ்திரேலியாவுக்கு விடுமுறை கிளம்புகிறார்கள்.