வகுப்பறையிலிருந்து கழிமுகம் வரை

கல்வியின் பயன் வாழ்வில் வெளிப்பட வேண்டும் என்பதில் நம்முள் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும், சுற்றுச்சூழல் என்னும் பாடத்தைப் பொறுத்த வரையில், நாம் கற்பிப்பது ஒன்றாகவும் நடப்பது வேறொன்றாகவும் இருப்பதை மறுக்க இயலாது. கரும்பலகையில் ‘மின்சாரத்தைச் சேமிப்போம்’ என்று எழுதிவிட்டு, ஆளில்லா அறையில் மின்விசிறிகளைச் சுழல விட்டுச் செல்கிறோம். பாடம் சூழலைப் பற்றியதாக இருந்தால் மட்டும் போதாது. கற்பிக்கும் முறையும் சூழலுக்கு இசைந்ததாக அமைதல் வேண்டும். இதனை நம் வடசென்னையையே சான்றாகக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யானைக்கவுனியும் கால்வாயும்

‘கவுனி’ என்பது கோட்டை வாயில். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படையெடுப்புக்குப் பின்னர்க் கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பப்பட்ட மதிலின் மேற்கு வாயில்களுள் ஒன்றே யானைக்கவுனி. அம்மதிலுக்கென விதிக்கக் கருதிய வரியின் நினைவாகவே ‘வால்டாக்ஸ் சாலை’ என்னும் பெயர் நின்றுவிட்டது. இன்று அது வ.உ.சி. சாலை. மதில் மறைந்தது, வாயில் மறைந்தது, பெயர் மட்டும் எஞ்சியது.

இச்சாலையை ஒட்டிச் செல்லும் கரிய நீரோட்டத்தை நாள்தோறும் கடக்கும் மாணவர் பலர், அதனைச் சாக்கடை என்றே எண்ணுகின்றனர். அது பக்கிங்காம் கால்வாய். சென்னையிலிருந்து எண்ணூர் வரையிலான அதன் முதற்பகுதி 1806ஆம் ஆண்டில் கொக்ரேன் என்பவரின் பெயரால் அமைந்தது. பஞ்சம் வாட்டிய 1876–78ஆம் ஆண்டுகளில், உழைக்கும் மக்களுக்கு வேலை அளிக்கும் பொருட்டுக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அக்காலத்து ஆளுநரின் பெயரே கால்வாய்க்கும் வாய்த்தது. உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிய படகுகள் அதில் சென்றன. பேசின் பாலம், கொக்ரேன் பேசின் சாலை முதலிய பெயர்கள் அப்படகுகள் நின்ற துறையை இன்றும் நினைவூட்டுகின்றன.

ஒரு நீர்வழி சாக்கடையாக மாறிய வரலாறு நம் கல்லூரிக்கு வரும் வழியிலேயே கிடக்கிறது. நாமோ ‘நீர் மாசுபாடு’ என்னும் பாடத்திற்கு வேறு எங்கோ உள்ள ஆறுகளை எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

சட்டம் தந்த பாடம்

சுற்றுச்சூழல் கல்வி நம் கல்லூரிகளுக்குத் தானாக வந்ததன்று. 1977ஆம் ஆண்டு திபிலீசி நகரில் கூடிய உலக மாநாடு, இக்கல்வி எல்லா நிலைகளிலும் எல்லாத் துறைகளிலும் பரவ வேண்டும் என வற்புறுத்தியது. 1990இல் பிரான்சு நாட்டின் தலுவார் நகரில் கூடிய இருபத்திரண்டு பல்கலைக்கழகத் தலைவர்கள், பாடத்தில் மட்டுமன்றி வளாகத்தின் அன்றாட நடைமுறையிலும் சூழல் பேணப்பட வேண்டும் என அறிக்கை வெளியிட்டனர்.

நம் நாட்டில் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1991 நவம்பர் 22ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். அத்தீர்ப்பு நடைமுறைக்கு வரப் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்தன. நீதிமன்றம் 2003இல் மீண்டும் வலியுறுத்திய பின்னரே, பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த பாடத்திட்டம் இளநிலை மாணவர் அனைவருக்கும் உரியதாயிற்று. 2023இல் அக்குழு புதிய வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது.

அந்த முதற் பாடத்திட்டத்தை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். மொத்தம் ஐம்பது பாடவேளைகள்; அவற்றுள் ஐந்து களப்பணிக்கு. நூறு மதிப்பெண்களுள் இருபத்தைந்து களப்பணிக்கு. அருகில் உள்ள ஆறு, குளம் அல்லது மாசுபட்ட ஓர் இடத்தை மாணவர் நேரில் கண்டு பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. நடைமுறையோ வேறு. முன்னைய ஆண்டு மாணவரின் குறிப்பேடு அடுத்த ஆண்டு மாணவரின் கைக்கு மாறுகிறது, படங்கள் ஒட்டப்படுகின்றன, இருபத்தைந்து மதிப்பெண்கள் இடப்படுகின்றன. ஆற்றை மட்டும் எவரும் கண்டிலர். இக்குறைக்கு ஆசிரியர்களாகிய நாமும் பொறுப்பேற்க வேண்டியவர்களே.

மின்விசிறியும் சாம்பலும்

கற்பித்தலுக்கும் சூழலுக்கும் உள்ள தொடர்பை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு வகுப்பறையில் பழைய வகை மின்விசிறிகள் ஆறு உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 75 வாட் மின்திறன் கொள்ளும். நாள்தோறும் ஆறு மணி நேரம் ஓடினால் 2.7 யூனிட் செலவாகும். அம்மின்சாரம் நிலக்கரியால் ஆக்கப்பட்டதாயின், யூனிட் ஒன்றுக்கு ஏறத்தாழ 700 கிராம் கரி எரிய வேண்டும். ஆக, ஒரு நாளைக்குச் சற்றொப்ப இரண்டு கிலோ கரி. இந்திய நிலக்கரியில் சாம்பலின் பங்கு மிகுதி. நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்கு வரை உண்டு. எனவே ஓர் அறையின் ஒரு நாள் காற்றுக்கு விலை அரைக் கிலோவிற்கு மேற்பட்ட சாம்பல்.

அச்சாம்பல் எங்கே செல்கிறது? அத்திப்பட்டில் 1994 முதல் இயங்கிவரும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல், நீருடன் குழம்பாகக் கலக்கப்பட்டுக் குழாய்கள் வழியே செப்பாக்கத்தை அடுத்த சாம்பல் குளத்திற்குச் செலுத்தப்படுகிறது. குழாய்கள் கசிந்தபோதெல்லாம் அக்குழம்பு எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் அக்கழிமுகத்தில், இடுப்பளவு நீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கும் காட்டுக்குப்பம் முதலிய ஊர் மக்களின் காலடியில் சாம்பல் சேறாயிற்று. ஆழம் குறைந்தது, இறால் அருகியது.

ஆளில்லா அறையில் சுழலும் மின்விசிறிக்கும், வெறுங்கூடையுடன் கரையேறும் மீனவருக்கும் இடையே இத்தகைய தொடர்பு உண்டு. இக்கணக்கை இயற்பியல் வகுப்பில் ஒருமுறை போட்டுக் காட்டினால், ‘விசிறியை நிறுத்துக’ என்னும் அறிவிப்புப் பலகை தேவைப்படாது. குறைந்த மின்திறனில் இயங்கும் புதுவகை விசிறிகள் ஏறத்தாழ 30 வாட்டில் அதே காற்றைத் தருகின்றன என்பதையும் மாணவரே கணக்கிட்டு நிருவாகத்தின் முன் வைக்கலாம். அதுவே சிறந்த செய்முறைத் தேர்வாகும்.

தாளின் கணக்கு

தாளையும் இவ்வாறே அளந்து பார்ப்போம். அறுபது மாணவர் கொண்ட ஒரு வகுப்பு. ஒவ்வொருவரும் ஆண்டிற்கு நூறு தாள்களை ஒப்படைப்புக் கட்டுரைகளுக்குச் செலவிடுவதாகக் கொள்வோம். ஆறாயிரம் தாள்கள்; பன்னிரண்டு ரீம்கள்; எடை முப்பது கிலோ. இருபுறமும் எழுத இசைவு தந்தால் பாதியாகக் குறையும். ‘ஒருபுறம் மட்டும் எழுதுக’ என்னும் வழக்கத்தை விட்டொழிக்க எந்தச் சட்டமும் தேவையில்லை. ஆசிரியரின் ஒரு சொல் போதும்.

தாள் வணிகத்திற்குப் பெயர்பெற்ற ஆண்டர்சன் தெரு நமக்கு அண்மையில்தான் உள்ளது. அங்கு வாங்கும் தாள் எதிலிருந்து வந்தது என வணிகவியல் மாணவர் கேட்டறியலாம். மரக்கூழிலிருந்து மட்டுமன்றிக் கரும்புச் சக்கையிலிருந்தும் தாள் செய்யலாம் என்பதைக் கரூர் அருகே புகளூரில் இயங்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் பல்லாண்டுகளாக மெய்ப்பித்து வருகிறது. வாங்கும் பொருளின் வழியறிந்து வாங்குதலும் ஒரு கல்வியே.

துறைதோறும் ஒரு பணி

தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கு 365 ஏக்கர் பரப்பும் அடர்ந்த மரங்களும் உண்டு. வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸ் அக்காலத்தில் நட்டு வளர்த்த மரங்களின் நிழலில் இன்றைய மாணவர் நடக்கின்றனர். அத்தகைய வாய்ப்பு நெரிசல் மிக்க நம் பகுதிக்கு இல்லை. ஆயினும் நமக்கென ஓர் ஆய்வுக்களம் உண்டு. அது நம் ஊரே.

மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்தமையால் கடல்நீர் உட்புகுந்தது. வேதியியல் மாணவர் தத்தம் வீட்டுக் கிணற்று நீரையும் ஆழ்குழாய் நீரையும் கொணர்ந்து அதன் உவர்ப்பை அளக்கலாம். 2003இல் தமிழகத்தில் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டபோது அமைத்த தொட்டிகள் இன்று தூர்ந்தனவா, பயன்படுகின்றனவா எனக் கணிதத் துறையினர் தெருதோறும் கணக்கெடுக்கலாம். வரலாற்று மாணவர் கால்வாயின் வரலாற்றை முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்யலாம். படகுகள் சென்றதைக் கண்ட கண்கள் இன்னும் சில ஆண்டுகளில் இரா.

தமிழ்த்துறையின் கடன்

‘சூழலுக்கும் இலக்கியத்திற்கும் என்ன தொடர்பு?’ என வினவுவோர் உளர். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்நிலத்துப் புள், மரம், நீர், தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும், அங்கு வாழும் மாந்தரின் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றும் வகுத்தவர் தொல்காப்பியர். இடத்தை விட்டு வாழ்வைப் பேச இயலாது என்பதே அவ்விலக்கணத்தின் உட்கிடை.

நெய்தல் திணையை நடத்தும்போது, “புன்னை மரத்தை நேரில் கண்டவர் யாவர்?” என ஒருமுறை வகுப்பில் வினவினோம். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்த மாணவர் பலர் இருந்தும் ஒரு கையும் உயரவில்லை. சற்று நேரங்கழித்து எண்ணூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, எங்கள் பாட்டி வீட்டருகே ஒன்று இருந்தது, சாலை போட்டபோது வெட்டிவிட்டார்கள்” என்றார். உரைநூல் சொல்லாத உரையை அன்று நாம் கேட்டோம்.

காற்றை வாடை, கொண்டல், கச்சான் எனத் திசையறிந்து பெயரிட்டழைப்போர் கடற்கரை மக்கள். மீன்வகைக்கும் வலைவகைக்கும் நீரோட்டத்திற்கும் அவர்களிடம் உள்ள சொற்கள் அகராதிகளில் முழுமையாக ஏறவில்லை. இறால் அருகும்போது அதனைச் சுட்டும் சொற்களும் அருகும். அச்சொற்களைத் திரட்டுதல் தமிழ்த்துறையின் களப்பணியாகலாம்.

இரு தந்தையரின் பிள்ளைகள்

இங்கு ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. வடசென்னையின் ஆலைகளும் துறைமுகங்களும் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. ஆலைத் தொழிலாளியின் மகனும் மீனவரின் மகனும் ஒரே பலகையில் அமர்ந்து பயில்கின்றனர். ஒருவனை மற்றவனுக்குப் பகையாக்கும் பாடம் நமக்கு வேண்டா. புகைக்கும் சாம்பலுக்கும் உரிய அளவையும் விதியையும் அறிந்து, பிழை நேரும்போது சான்றுடன் எடுத்துரைக்கும் ஆற்றல் இருவர்க்கும் வேண்டும்.

2017 சனவரி 28ஆம் நாள் எண்ணூர்க் காமராசர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் பரவியபோது, மீனவரும் தன்னார்வலரும் மாணவரும் வாளிகளால் அதனை அள்ளினர். 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் கழிமுகத்தில் படிந்தபோதும் கைகளே கருவிகளாயின. வாளி ஏந்திய மாணவரின் உள்ளம் போற்றத்தக்கது. ஆனால் அந்த எண்ணெயின் நச்சுத்தன்மை யாது, கையுறையின்றித் தொடலாமா என்பதை அவர்க்கு முன்னரே கற்பித்திருக்க வேண்டியது கல்லூரியன்றோ?

நிறைவாக

பெருஞ்செலவு பிடிக்கும் திட்டங்கள் எவற்றையும் நாம் முன்மொழியவில்லை. ஐந்து களப்பணி வேளைகளை உண்மையாகவே களத்தில் கழித்தல். ஒப்படைப்புகளை இருபுறமும் எழுதச் செய்தல். மாதந்தோறும் கல்லூரியின் மின்கட்டணத்தையும் நீர்ச்செலவையும் அறிவிப்புப் பலகையில் வெளியிடுதல். துறைக்கு ஓர் உள்ளூர்ப் பணியை ஏற்றல் ஆகிய நான்கே போதும். களத்திற்குச் செல்லும் மாணவரின் பாதுகாப்பைக் கருதிப் பெற்றோரும் பெரியோரும் உடன்வருவாராயின், பாடம் இரு தலைமுறைக்கும் பயன்படும்.

யானைக்கவுனியின் மதில் போயிற்று; பெயர் நின்றது. எண்ணூர்க் கழிமுகமும் அவ்வாறே வெறும் பெயராக எஞ்சுமா, உயிருள்ள நீராக நிலைக்குமா என்பதை முடிவு செய்வோருள் இன்று நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவரும் உளர். அவர்களை அக்கரைக்கு ஒருமுறையேனும் அழைத்துச் செல்வது நம் கடமையாகும்.